'அங்கே போ' தெரியாத கங்காணி

எழுபத்தொன்பதாம் வருஷத் தீபாவளிக்கு நான் மெட்ராஸிலிருந்து ஊருக்கு எடுத்துக்கொண்டு போனது ஒரு பை நிறையக் காகிதமும் வயிறு நிறைய எரிச்சலும்தான். தங்கைக்கு ஒரு பாவாடைத் துணி வாங்கக்கூட நேரமில்லை. குமுளியில் பஸ் மாறி, கேரளத்து மலையில் இருக்கும் வண்டிப்பெரியாரில் இறங்கியபோது ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. குடையை என் தலைக்குப் பிடிக்காமல் பைக்குப் பிடித்தேன். நான் நனைந்தால் காய்ந்துவிடுவேன். அந்தக் காகிதம் நனைந்தால் என் பிழைப்பே போய்விடும்.

பையில் என்ன இருந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் கம்ப்யூட்டர் அறையில் வேலை பார்த்தேன். பி.எஸ்ஸி. கணக்கு முடித்துவிட்டு, அட்டையில் துளை போடும் வேலைக்குத்தான் தற்காலிகமாக எடுத்தார்கள். பிறகு அந்த அறைக்கு, இரண்டு பீரோவை ஒட்டி வைத்தது போல ஒரு புது இயந்திரம் வந்தது. அதில் அட்டையெல்லாம் கிடையாது. எதிரே உட்கார்ந்து கட்டளையைத் தட்டினால் வேலை நடக்கும். ஆனால் நாம் தட்டுவதை இயந்திரம் நேராகக் கேட்டுக்கொள்ளாது. நடுவில் ஒரு நிரல் உட்கார்ந்திருக்கும். அதுதான் நம் பேச்சை வாங்கி, உள்ளே சொல்லி, வேலையை முடித்துக்கொண்டு வரும். அதற்கு ஷெல் என்று பெயர். ஓடு என்று அர்த்தம் சொன்னார்கள். எனக்கு அது கங்காணி. எங்கள் தேயிலை எஸ்டேட்டில் தொரை எங்கள் ஜனங்களிடம் நேராகப் பேசி நான் பார்த்ததில்லை. எல்லாம் கங்காணி வாய் வழியாகத்தான்.

தினமும் செய்ய வேண்டிய வேலைகளை வரிசையாக ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டால், ஷெல் அதை வாசித்து ஒவ்வொன்றாகச் செய்யும். அப்படி முப்பத்தொரு கோப்புகள் எழுதியிருந்தேன். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, புத்தகத்தைப் பார்த்து நானாகக் கற்றுக்கொண்டது. எழுதிய விதமும் எங்கள் காட்டு வழக்கம்தான். கொழுந்து எடுக்கும்போது கங்காணி என்ன சொல்வார்? இந்த நிரை முடிஞ்சா அந்த நிரைக்குப் போ. மழை வந்தா ஷெட்டுக்குப் போ. என் கோப்புகளிலும் அப்படியே, இது நடந்தால் அங்கே போ, நடக்காவிட்டால் இங்கே போ. 'அங்கே போ' என்று ஒரு கட்டளையே இருந்தது. ஒரு பக்கத்துக்கு எட்டு, பத்து இடத்தில் அதைப் போட்டிருந்தேன். ஒரு நாள் கூடத் தகராறு பண்ணியதில்லை.

இந்த லட்சணத்தில் வெளிநாட்டிலிருந்து புது நிரல்கள் பதிந்த டேப் வந்தது. வந்ததில் ஷெல் புதிது. பழைய கங்காணியைத் தூக்கிவிட்டு வேறு ஒருவரைப் போட்டிருந்தார்கள். கெட்டிக்காரக் கங்காணிதான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் 'அங்கே போ' மட்டும் அதற்குத் தெரியாது. எடுத்துவிட்டார்களாம். அப்படி எழுதுவது பழைய பழக்கமாம், சிக்கலாகிவிடுமாம். இனி ஒரு நிபந்தனையைத் தொடங்கினால் அதற்குள்ளேயே எல்லாவற்றையும் அடக்கி முறையாக மூட வேண்டும். மூடுவதற்குத் தொடங்கிய சொல்லையே எழுத்து தலைகீழாகப் போட வேண்டும், if என்று திறந்தால் fi என்று. யார் வீட்டு வழக்கமோ இது.

அந்த அமைப்பில் ஒரு நல்ல குணம் உண்டு. நிரல்களை எழுதிய விதம் முழுவதும் டேப்பிலேயே வரும். திறந்து வாசிக்கலாம், திருத்தலாம். அந்த தைரியத்தில் எங்கள் பிரிவுத் தலைவரிடம் போய்க் கேட்டேன்.

"சார், உள்ளே எல்லாம் இருக்கே. அந்த ஒரு கட்டளையை மட்டும் நாமே சேர்த்துக்கலாமே?"

"சேர்க்கலாம். அடுத்த டேப் வரும்போது மறுபடி சேர்க்கணும். அதுக்கடுத்ததுக்கும் சேர்க்கணும்."

"பழையதை ஓரமா வெச்சுக்கலாமே சார்?"

"ரெண்டையும் யாரும்மா கட்டி அழறது?" என்றார். பிறகு கொஞ்சம் இறங்கிவந்து, "தீபாவளி முடிஞ்சு திங்கட்கிழமை புது ஷெல்லுக்கு மாறுகிறோம். உன் முப்பத்தொன்றும் அந்த வாரத்துக்குள் ஓடணும். ஓடினால் உன்னை நிரந்தரமாக்கச் சொல்லி நானே மேலே எழுதுகிறேன். குவார்ட்டர்ஸும் கிடைக்கும்" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் அத்தனை காகிதத்தையும் மலைமேல் சுமந்தேன். அப்பாவுக்கு அந்த மாசத்தோடு ஃபாக்டரி வேலை முடிகிறது. லயம் என்று நாங்கள் சொல்லும் வரிசை வீடு எஸ்டேட்டுக்குச் சொந்தம். வேலைப் பதிவேட்டில் பெயர் இருக்கும்வரைதான் வீடு. பெயர் வெட்டினால் வீட்டைக் காலி செய்ய வேண்டும், இல்லையென்றால் அந்த வீட்டிலிருந்து இன்னொரு பெயரைக் கொடுக்க வேண்டும். அம்மா முட்டுவலியால் முந்தின வருஷமே வேலையிலிருந்து நின்றுவிட்டாள். மிச்சம் இருந்தது தங்கை. பிரீ-டிகிரி இரண்டாம் வருஷம். வகுப்பில் முதல் மார்க் வாங்குகிறவள். அவளைக் காலேஜிலிருந்து நிறுத்திக் கொழுந்துக் கூடையை மாட்டிவிட்டால் வீடு தங்கும். நான் நிரந்தரமாகிவிட்டால் மெட்ராஸில் வீடு கிடைக்கும், எல்லோரையும் கூட்டிக்கொள்ளலாம். கணக்கு எனக்கு அவ்வளவுதான்.

வீட்டுக்குள் கால் வைத்ததும் அப்பா ஆரம்பித்தார்.

"ஏ பிள்ள, ஆபீஸ்ல கேட்டாச்சு. வார திங்கக்கெழம பேரு குடுக்கணுமாம். சின்னவ பேரக் குடுத்துருவோம். ஒனக்கு நெரந்தரமானா பொறவு பாத்துக்கிடலாம்."

"பேரு குடுத்துட்டா பொறவு எங்கப்பா பாக்குறது? காலேஜ்ல இவ எடத்த யாரு வெச்சுக்கிட்டு இருப்பா? ஒரு வாரம் தவணை கேளுங்க. அதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சுரும்."

"கேட்டா குடுப்பானா?"

"கேக்காமலே குடுக்கமாட்டான்னு சொன்னா எப்படி?"

அப்பா மழையோடு போய்க் கேட்டார். கிளார்க் பெரிய மனசு பண்ணி ஒரு வாரம் கொடுத்தான். அடுத்த திங்கட்கிழமை பத்து மணி. அதற்குப் பிறகு வந்தால் வேறு ஆளுக்கு வீட்டை எழுதிவிடுவானாம்.

தங்கை இதையெல்லாம் அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குக் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "அக்கா, காயிதத்தக் காட்டு" என்றாள்.

இயந்திரம் இல்லாமல் இயந்திரத்துக்கு எழுதுவது எவ்வளவு கொடுமை என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். அங்கே என்றால் தட்டிப் பார்க்கலாம், தப்பென்றால் அது கத்தும். இங்கே கத்துவதற்கு நான் மட்டும்தான். பழைய அச்சுத்தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் புதிய முறையில் எழுதினேன். எழுதுவேன், வாசிப்பேன், அடிப்பேன். ஒரு நிபந்தனைக்குள் இன்னொரு நிபந்தனை, அதற்குள் இன்னொன்று. எதை எங்கே மூடினேன் என்று எனக்கே மறந்துபோகும். 'அங்கே போ' இருந்தால் ஒரு வரியில் முடிகிற சங்கதி. அதை எடுத்தவன் மட்டும் எதிரே வந்திருந்தால் பென்சிலாலேயே குத்தியிருப்பேன்.

இரண்டு நாளில் பன்னிரண்டு கோப்பு முடிந்தது. மூன்றாம் நாள் காலையில் குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், மேலாக வைத்திருந்த தாள்களைக் காணோம். அடுப்படிக்கு ஓடினால், அம்மா எண்ணெய்ச் சட்டியிலிருந்து முறுக்கை எடுத்து எண்ணெய் வடிய வைத்துக்கொண்டிருக்கிறாள். எதன் மேல்? என் கோப்புகள் மேல்!

"அய்யோ அம்மா! என்ன காரியம் பண்ணிட்ட!"

"நீ எழுதி எழுதிக் கோடு போட்டு அடிச்சியே, வேண்டாத காயிதம்னுல்லா நெனச்சேன். நல்லா எண்ண உறிஞ்சுது, பாரு."

வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். படிக்காத ஜென்மம் என்று கூடச் சொல்லிவிட்டேன். இன்றைக்கும் அது என் நெஞ்சில் உறுத்துகிறது. அம்மா முறுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் அடுக்கிவிட்டு, தாள்களை முந்தானையால் ஒற்றி ஒற்றி என்னிடம் நீட்டினாள். எண்ணெய் இறங்கி, முன்பக்க அச்சும் பின்பக்கப் பென்சிலும் ஒன்றாகத் தெரிந்தன. ஐந்து பக்கம் போயே போய்விட்டது.

தங்கைதான் அந்தத் தாள்களை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, "இது முன்பக்கம், இது பின்பக்கம், நான் சொல்லச் சொல்ல நீ எழுது" என்றாள். முழுக் காலையும் அதற்குச் சரியாகப்போயிற்று. நடுவில் அம்மா ஒரு தட்டில் முறுக்கைக் கொண்டுவந்து வைத்தாள். கோபத்தோடேயே ஆறு தின்றேன்.

வாசித்து வாசித்துத் தங்கைக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. எனக்கு ஆறு மாதம் பிடித்தது, அவளுக்கு ஒரு காலைப்பொழுது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, இப்ப நாந்தான் மிஷினு. எனக்குச் சொந்தப் புத்தி கெடையாது. நீ எழுதினத மேலேருந்து கீழே செய்வேன். புரியலன்னா புரியலன்னு சொல்லிட்டு அடுத்த வரிக்குப் போயிருவேன். அந்தப் புதுசு அப்படித்தான பண்ணும்?"

"அப்படித்தான் பண்ணும்."

"சரி, குடு."

இரக்கமே இல்லாத மிஷின். நான் என்ன நினைத்து எழுதினேன் என்று சொல்லவே விடமாட்டாள். "நீ நெனச்சது இதுல இல்ல" என்பாள். "மூடல, நிக்கேன்" என்பாள். சில சமயம் அறைந்துவிடலாம் போல இருக்கும். ஆனால் அவள் நிற்கிற இடத்தில் எல்லாம் தப்பு என்னுடையதாகத்தான் இருந்தது.

அப்படியே முப்பதாவது கோப்புக்கு வந்தோம். அன்றன்றைய வேலையை முடித்து வைக்கிற கோப்பு அது. அன்றைக்கு எல்லோரும் செய்த வேலையை டேப்பில் நகல் எடுக்கும். நகல் சரியாக இருந்தால் அசலை அழித்து இடத்தைச் சுத்தம் பண்ணும். சரியில்லை என்றால் அழிக்காமல் கடைசிக்குப் போய்விடும். அதை நூறு தடவை பார்த்திருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன்.

தங்கை வாசித்துக்கொண்டு வந்தாள். "நகல் எடுத்தாச்சு. சரியான்னு பாத்தாச்சு. சரியில்ல. சரியில்லன்னா..." என்று நிறுத்தினாள். "'அங்கே போ'. எனக்குப் புரியல. அடுத்த வரி. எல்லாத்தையும் அழிச்சுட்டேன்."

"என்னது?"

"அழிச்சுட்டேன்க்கா. நீதான அடுத்த வரியில எழுதியிருக்க."

பிடுங்கிப் பார்த்தேன். புது முறையில் நிபந்தனையைத் திறந்து, அழகாக மூடி, அதற்குள்ளே கைப்பழக்கத்தில் பழைய 'அங்கே போ'வை எழுதி வைத்திருக்கிறேன். புதுக் கங்காணி அதைப் பார்த்துத் தெரியாது என்று முணுமுணுத்துவிட்டு, நேரே அடுத்த வரிக்குப் போய், நகல் இல்லாத வேலையை எல்லாம் அழித்திருக்கும். முப்பது பேருடைய ஒரு நாள் உழைப்பு.

"ஏட்டி, நீ மட்டும் இல்லேன்னா நான் தொலைஞ்சேன்" என்றேன்.

"அதான் வந்துட்டேன்ல" என்று சொல்லிவிட்டு முப்பத்தொன்றாவதை எடுத்தாள். இந்த மூளையைக் கொண்டுபோய்க் கொழுந்துக் கூடைக்குள் போடுவதா? விடவே கூடாது என்று அப்போதே முடிவு பண்ணினேன்.

ஞாயிற்றுக்கிழமை மெட்ராஸ் போய்ச் சேர்ந்தேன். திங்கட்கிழமை காலையில் புது ஷெல் வந்தது. பழையது வரியின் முன்னால் சதவீதக் குறி காட்டிக் காத்திருக்கும். இது டாலர் குறி காட்டியது. அதைப் பார்த்ததுமே எரிச்சல் வந்தது. முப்பத்தொரு கோப்புகளையும் தட்டி ஏற்றவே இரண்டு நாள் ஆயிற்று. புதன்கிழமை ஒவ்வொன்றாக ஓட்டினேன். ஒன்று கூட நிற்கவில்லை. டேப்பை வேண்டுமென்றே கெடுத்து வைத்து நாள் முடிக்கும் கோப்பை ஓட்டினேன். அழிக்காமல் ஒழுங்காகக் கடைசிக்குப் போயிற்று. பக்கத்தில் யாரும் இல்லையென்றால் கூத்தாடியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை பிரிவுத் தலைவர் கூப்பிட்டார். என் கோப்புகளை அச்செடுத்து மேஜைமேல் வைத்திருந்தார்.

"பிரமாதம். பழையதை உன்னைத் தவிர யாராலும் படிக்க முடியாது. இதைப் பார்த்த உடனே யாருக்கும் புரியுது" என்றார்.

"தாங்க்ஸ் சார். அந்த நிரந்தரம்..."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கிறதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"மேலே எழுதினேன். அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்றால், இவ்வளவு தெளிவாக இருக்கும்போது இதற்கென்று தனியாக ஓர் ஆள் எதற்கு, விஞ்ஞானிகளே பார்த்துக்கொள்ளலாமே என்று. புது ஷெல்லும் சுலபமாக இருக்கு. உனக்குத் தற்காலிகமாக இன்னும் மூன்று மாதம் தரலாம்."

"குவார்ட்டர்ஸ்?"

"தற்காலிகத்துக்கு அது கிடையாதும்மா."

எனக்குக் கோபம் வந்தால் அழுகை வராது, பேச்சுத்தான் வரும். "சார், நான் ஒழுங்கா எழுதாம விட்டிருந்தா வேலை போயிருக்கும். ஒழுங்கா எழுதினதால வேலை இல்லை. அப்ப நான் என்னதான் எழுதியிருக்கணும்?" என்று கேட்டேன். அவர் நல்ல மனிதர்தான். தலையைக் குனிந்துகொண்டார். அவர் தலையைக் குனிந்து எனக்கு என்ன ஆகப்போகிறது? மூன்று மாதத்தில் மூன்று நாள் கூட எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அறைக்குப் போய்ப் பெட்டி கட்டினேன். விடுதியில் எல்லோரும் அவசரப்படாதே என்றார்கள். திங்கட்கிழமை எஸ்டேட் ஆபீஸில் என் தங்கை கூடைக்குக் கையெழுத்துப் போடப்போகிறாள் என்று அவர்களிடம் எப்படி விளக்குவது? சனிக்கிழமை ரயிலில் இடமில்லை. நின்றுகொண்டே ஞாயிறு மதுரை வந்து, அங்கிருந்து பஸ் பிடித்தேன். கம்பம் தாண்டி மலை ஏறும்போது மண் சரிந்து கிடந்தது. வண்டிகளை ஒவ்வொன்றாக விட்டார்கள், ராத்திரி முழுவதும் அங்கேயே போயிற்று. டிரைவரோடும் சண்டை, கண்டக்டரோடும் சண்டை. பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்.

திங்கட்கிழமை ஒன்பதே முக்காலுக்கு வண்டிப்பெரியாரில் இறங்கினேன். வீட்டுக்குப் போகவில்லை. பெட்டியோடு நேரே எஸ்டேட் ஆபீஸுக்கு ஓடினேன்.

அப்பாவும் தங்கையும் வராந்தாவில் நின்றிருந்தார்கள். தங்கை காலேஜுக்குப் போகிற பாவாடை தாவணியில் இருந்தாள். என்னைப் பெட்டியோடு பார்த்ததும் இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது. அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கோப்பு ஓடலையாக்கா?" என்றாள் தங்கை.

"எல்லாம் ஓடுச்சு. முப்பத்தொண்ணும் ஓடுச்சு."

"அப்பறம் என்ன?"

"அதான் வேலையில்ல."

அவளுக்கு விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை. உள்ளே போய்க் கிளார்க் மேஜைமுன் நின்றேன். அவர் கோட்டயம் பக்கத்து ஆள், தமிழை மலையாளம் கலந்து கொஞ்சம் உருட்டிப் பேசுவார்.

"ரிட்டயர் ஆகுறவர்க்குப் பகரம், பதிலு யாரு? சின்ன மகளா?"

"இல்ல. நான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீ மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் உத்தியோகமல்லே?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும். பேரை எழுதுங்க."

"பி.எஸ்ஸி. படிச்சிட்டுக் கொழுந்து எடுக்கவாணோ வந்தது?"

"பி.எஸ்ஸி. படிச்சவ எடுத்தா கொழுந்து வரமாட்டேன்னு சொல்லுமா? எழுதுங்க சார், பத்து மணி ஆகப்போகுது."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே பதிவேட்டைத் திறந்தார். என் பெயரை எழுதினார், அப்பா பெயரை எழுதினார். பிறகு பழக்க தோஷத்தில் மை டப்பாவைத் திறந்து, என் கட்டைவிரலைப் பிடித்து அதில் அழுத்தப்போனார். நான் கையை உருவிக்கொண்டு பேனா கேட்டேன். அவர் பேனாவைத் தேடி எடுத்துத் தந்தார். கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்ததும் தங்கை என் மேல் பாய்ந்தாள். அவள் சத்தம் போட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? யாரைக் கேட்டுப் பேரு குடுத்த? நான் கேட்டேனா? சொல்லு, நான் கேட்டேனா?"

"நீ கேக்கல."

"இவ்வளவையும் பண்ணிட்டு வந்து நிக்கியே, இனிமே நான் எப்படிக்கா ஃபெயிலாகுறது?" என்று கேட்டுவிட்டு, அத்தனை பேர் நடுவிலும் தாவணியை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

"ஆகாத" என்றேன். "ஃபெயிலானா கொன்னுருவேன்."